புவனாவுக்குக் கட்டிய பெல்ட்

2024 ஜூலை 9, கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி. இளைய மருமகள் புவனாவின் வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பை இருபது நிமிடம் பார்த்தார்கள். மாமியார் குப்பம்மாள் பக்கத்திலேயே இருந்தாள். திரும்பும்போது சாத்துக்குடி ஜூஸும் புவனாவுக்குத்தான்.

"எனக்கும்தான் ஒம்பது மாசம். எனக்கு ஏன் அத்தே கட்டல?" என்றாள் மூத்தவள் நர்மதா.

"அதுக்கு பிரஷர். உனக்கு இன்னா, குண்டுக்கல்லாட்டம் கீற!"

மறுநாள் நர்மதா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். "காலைலேர்ந்து கொழந்த அசையல சிஸ்டர்."

பெல்ட் கட்டிய பத்தாவது நிமிடம் துடிப்பு சரிந்தது. அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. குழந்தை பிழைத்தது.

"அசையலன்னு கவனிச்சு ஓடி வந்தியே, நல்ல வேளை!" என்றார் டாக்டரம்மா.

அன்று காலை முழுக்கக் குழந்தை உதைத்துக்கொண்டுதான் இருந்தது.