ஒன்பதாவது கேள்வி

போலிதான். சந்தேகமே இல்லை.

அம்புக்குறியைச் சிவப்புப் பொத்தானின் மேல் நிறுத்திவிட்டு, அவள் வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

கல்யாண வரன் பார்க்கும் இணையதளம். நிஜமான பதிவென்றால் பச்சை. போலியென்றால் சிவப்பு. கோயம்புத்தூர் அலுவலகத்தில் நாற்பது பேர் இதே வேலையைச் செய்கிறார்கள். அதில் அவளை ஏமாற்றிவிட்டுப் போகும் போலி இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். அதை அவள் வீட்டில் வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்லுவாள்.

நிஜமான மனிதர்களுக்கு வர்ணிக்க வராது. 'நல்ல பையன்' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

போலிதான் அள்ளிவிடும்.

இது அள்ளிவிட்டிருந்தது.

மென்மையாகப் பேசுவாள். அதிர்ந்து நடக்கமாட்டாள். அறுசுவையும் சமைப்பாள். அருமையாகப் பாடுவாள். கோபம் என்றால் என்னவென்றே அறியாதவள். வயது இருபத்தெட்டு.

இப்படி ஒருத்தி இருந்தால் நானே கட்டிக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டாள்.

படம் அதற்குமேல். முகத்துக்கு ஏற்றியிருந்த வெள்ளையில் மூக்கு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

பெயரும் தொலைபேசி எண்ணும் அடுத்த பக்கத்தில் இருக்கும். போலிக்கு அடுத்த பக்கம் எதற்கு?

அழுத்தப்போனவள் நின்றாள்.

பெண்ணின் தோளில் ஒரு கை இருந்தது.

குடும்பமாக நின்ற படத்தில் பக்கத்து ஆளை வெட்டினால் கை மட்டும் மிஞ்சும். எங்கிருந்தோ சுட்ட படத்தில் அந்தக் கை இருக்காது. தோளில் கை இருந்தால் ஆள் நிஜம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே நடத்தும் பாடம் இது.

பெரிதாக்கிப் பார்த்தாள்.

கடிகாரத்தின் முகப்பை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கை. கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. மீதியை இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பஞ்சாலை இயந்திரம் எடுத்துக்கொண்டது.

அப்பாவின் கை.

வடையை அவசரமாக விழுங்கினாள்.

மூக்கைத் தேடினாள். கிடைத்தது. அவளுடையதுதான். அக்காவின் வளைகாப்பில் எடுத்த படம்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. இன்னொரு தடவை கல்யாணப் பேச்சை எடுத்தால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன் என்று தீபாவளியன்று பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திருந்திவிட்டார்கள் என்று நம்பினாள்.

போயும் போயும் இங்கேயா?

வேறு எங்கே போடுவார்? மற்ற இடமெல்லாம் குப்பை என்று அவர் காதில் ஓதியதே அவள்தான்.

பற்றிக்கொண்டு வந்தது. ஒரே அழுத்து. விதிப்படியும் அதுதான் சரி.

அதற்குள் கண் கீழே போய்விட்டது.

எதிர்பார்ப்பு என்ற கட்டம். படிப்பு, சம்பளம், சொந்த வீடு என்று எல்லோரும் நிரப்பித் தள்ளுகிற இடம். அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்.

'அவள் கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படாதவர்.'

சிவப்பை அழுத்த விரல் வரவில்லை. பச்சையை அழுத்த மனசாட்சி விடவில்லை.

முடிவெடுக்க முடியாத பதிவுக்கு ஒரு வழி இருக்கிறது. பதிவு செய்தவரைக் கூப்பிட்டு ஒன்பது கேள்விகள் கேட்க வேண்டும்.

ஹெட்போனை மாட்டினாள். தொண்டையைச் செருமி, அலுவலகக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"வணக்கம். சென்னியப்பன் சார்தானே? உங்க பதிவு விஷயமா சில கேள்விகள்."

"கேளுங்க, கேளுங்க." வெளியாட்களுக்கென்று அப்பா வைத்திருக்கும் பவ்வியமான குரல்.

"பொண்ணோட வயசு?"

"இருபத்தெட்டுங்க."

"உறுதியா சார்?"

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு கேட்டது.

"முப்பத்தொண்ணுங்க."

அதிகாரமாகக் கேட்டால் அப்பா உண்மையைக் கக்கிவிடுவார் என்பது அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

"சமையல்?"

"சுடுதண்ணி நல்லா வெப்பாளுங்க."

"பாட்டு?"

"குளிக்கறப்ப பாடுவாளுங்க. நாங்க டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுக்குவம்."

"கோபம்?"

"அதுல ஒரு கொறையும் இல்லீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் கேள்விகளையும் கேட்டு முடித்தாள். கடைசியில் ஒன்பதாவது வந்தது. பெண்ணுக்கு இந்தப் பதிவு தெரியுமா? பெற்றவர்கள் இதற்கு மட்டும் யோசிக்கவே மாட்டார்கள். பட்டென்று 'தெரியுமே' என்பார்கள். பட்டென்று வந்தால் பொய்.

கேட்டாள். அலுவலகக் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"தெரியாதுங்க," என்றார் அப்பா. "கேட்டுப்போட்டுத்தான் பண்ணியிருக்கோணும். தப்புதானுங்க. கேக்கப் பயமா இருந்துச்சு."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையானா ஒத்தையில உக்காந்து ஃபோனப் பாத்துட்டே சோறு திங்கறா. பாக்க முடியலீங்க. அவளுக்கு வேண்டாம்னா இப்பவே எடுத்துப்போட்டர்றனுங்க."

அழுகை வந்தது. அலுவலகத்தில் வைத்து அழவைக்கிறாரே என்று கோபமும் வந்தது.

"பொண்ணுகிட்டக் கேளுங்க சார்," என்றாள். "அதுவரைக்கும் நிறுத்தி வைக்கறோம்."

"சரிங்க."

இணைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினாள்.

"அம்மிணி."

வீட்டில் அவளைக் கூப்பிடுகிற குரல். கை அப்படியே நின்றது.

"பதில ஊட்டுக்கு வந்து சொன்னாப் போதும். வர்றப்ப ரெண்டு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வந்துரு."