கஜபதியின் பலவீனம்

"பட்டாபிராம் டீம்ல அந்தக் கஜபதி கீறானே, ஆறடி அஞ்சு அங்குலம்! உன் முட்டிய ஒடச்சவன்தானே? நாளைக்கு ஃபைனல். பழி தீர்க்க இதான் சான்ஸ், ரகு" என்றார் ஆவடி பாஸ்கெட்பால் அணியின் கோச் கலியமூர்த்தி.

ரகுநாதன் நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "எப்டி ஒடஞ்சுதுன்னு ஞாபகம் கீதா சார்?"

"ஆறு வருஷமாச்சு, யாருக்குப்பா ஞாபகம் கீது? அவன் வீக்னஸ் இன்னா, அத்தச் சொல்லு."

"கூடைக்குக் கீழ நின்னா சொவரு சார். கையத் தூக்குனா பந்து தாண்டாது. ஆனா, பந்தப் போடுற மாதிரி பாவ்லா காட்டுனா ஏமாந்து எகிறிடுவான். அந்த நேரம் அவனுக்கு அடியில பூந்துடணும்."

கோச் தன் மைத்துனன் தயாளனை அழைத்து அதையே சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் இரண்டு முறை அது பலித்தது. மூன்றாவது முறை, எகிறிய கஜபதி முழு எடையோடு தயாளனின் முட்டிமேல் விழுந்தான். தயாளன் அலறினான்.

"மேல உழுவான்னு ஏன்டா சொல்லல?" கோச் ரகுநாதனின் சட்டையைப் பிடித்தார்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா சார்? அன்னிக்கு 'அடியில பூந்துடு'ன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். நான் உழுந்ததும் திரும்பிக்கூடப் பாக்காம, என் எடத்துல உங்க மச்சானை எறக்குனீங்க."

கோச் பிடியை விட்டார். ரகுநாதன் சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"இப்ப யாரை எறக்கப் போறீங்க?"