சம்பவம் எதுவும் இல்லை

“பதினோரு வருஷத்துல ஒரு சம்பவம்கூட இல்லை. அப்புறம் எதுக்குங்க குளத்துக்கு ஒரு ஆளு?” என்று கேட்டுவிட்டு, செயலாளர் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்தார்.

குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் மற்ற நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக்குப் பக்கம், நாள் தவறாமல், ஒரே வரி: சம்பவம் எதுவும் இல்லை.

நீச்சல் குளத்துக் காவலர் சுவரோரம் நின்றிருந்தார். எழுத்து அவருடையதுதான்.

வீடு ஒழுகவில்லை என்பதற்காக யாராவது கூரையைப் பிரிப்பார்களா? ஆள் நின்றதால்தான் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஆள் வேண்டாம் என்கிறார்கள். படித்தவர்கள், இதில் உள்ள கோளாறு ஒருவர் கண்ணிலாவது படும் என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அவரே கூரையைப் பற்றிச் சொன்னார். மூழ்கப் போனவர்கள் என்று இதுவரை இருபத்துமூன்று பேரைத் தூக்கிக் கரை சேர்த்திருப்பதையும் சொன்னார்.

செயலாளர் சிரிக்கவில்லை. மரியாதையாகவே விசாரித்தார். அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவரையாவது காட்ட முடியுமா? காட்ட முடியாது என்றால், அப்படி யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்?

மேசையின் கோடியில், குழுவிலேயே வயதில் சிறியவளான அந்தப் பெண், பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

காவலர் பதிவேட்டின் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“ஞாபகம் இல்லைங்க” என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். நான்கு கைகள் சட்டென்று எழுந்தன. அவள் கை கடைசியாக எழுந்தது, காதுவரைகூடப் போகவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார்கள். இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்கள்.

காவலர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பத்து வருடத்துக்கு முன்னால், அவளுடைய பதினாறு வயதில், அந்தக் கை அவர் கழுத்தை விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது. குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடித்ததும், மூச்சுகூடச் சரியாக வராமல், அவள் கெஞ்சியது ஒன்றே ஒன்றுதான்.

“எழுதிடாதீங்கண்ணா. வீட்டுக்குத் தெரிஞ்சா, அப்புறம் என்னைத் தண்ணியிலயே இறங்க விட மாட்டாங்க.”

அவளுக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும், இருபத்துமூன்று பேரும், கேட்டது அதைத்தான்.