இரண்டு இடது இறக்கைகள்

மேசையில் கிடந்த இரண்டுமே இடது இறக்கைகள்.

புருலாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். மற்றதைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கணக்கு டீச்சரான அவள் இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து எசென்பெக் பார்த்ததே இல்லை.

“இருபது வருஷமா குட்டி விமானம் பண்றீங்க. இன்னும் இடது எது வலது எதுன்னு தெரியாதா உங்களுக்கு?”

எசென்பெக் அசடு வழிந்தார். எல்லாம் இறக்கை ஒட்டும் அச்சுப் பலகையான அந்த ஜிக் செய்த வேலை என்றார்.

பாவம், அது என்ன செய்யும்? வீட்டில் வளையாத பலகை அது ஒன்றுதான் என்று சமையலறைக் கதவைக் கழற்றி அவரே செய்தது. கதவின் மேல் கோடு கிழித்து, கோட்டில் வரிசையாகக் கட்டைகளை நிறுத்தியிருந்தார். இறக்கையின் குறுக்குச் சட்டங்களான விலாக்களைக் கட்டைக்கு ஒன்றாகப் பொருத்தி ஒட்டினால் இறக்கை மயிரிழைகூட முறுக்கிக்கொள்ளாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இடது இறக்கை முடிந்ததும் கட்டைகளைப் பிடுங்கி, கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கமாக நட வேண்டும்.

கரகோல் ஊரிலேயே அதை மறக்காத ஒரே ஆள் எசென்பெக்தான்.

இந்த முறையும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜோடிப் போட்டி; அதற்காகத்தான் இருவரும் சேர்ந்து ஒரு விமானம் செய்துகொண்டிருந்தார்கள். அது முடிந்துவிட்டால் சாயங்காலங்களில் அவள் இங்கே வர ஒரு காரணமும் இருக்காது. ஆறு வருஷமாகத் தனியாகத் தேநீர் குடித்தவருக்கு அந்த நினைப்பே பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை. கட்டைகளை அப்படியே விட்டுவிட்டார்.

“போட்டி போச்சு, டீச்சர். என் தப்புதான்.”

“போனாப் போகுது. இன்னும் ரெண்டு வலது இறக்கை ஒட்டினா ஆளுக்கொரு விமானம். கோடை பூரா வேலை இருக்கு, போங்க, டீ வைங்க.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓடிப்போய் வெறும் கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். பாதாமி ஜாமை எங்கே வைத்தோம் என்று அலமாரி முழுக்கத் துழாவினார். கதவில்லாத சமையலறையிலிருந்து அவர் பாட்டு முணுமுணுப்பது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

அவளும் கூடவே முணுமுணுத்தாள்.

இரண்டாவது இறக்கையின் முதல் விலாவைக் கையில் எடுத்தபோதே கட்டைகள் பக்கம் மாறவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மூச்சுக் காட்டாமல் கடைசி விலாவரை பசை தடவி ஒட்டி முடித்தவளும் அவள்தான்.