அஞ்சாவது பத்து

மதலேனம்மாள் வீட்டு ரேடியோ, ரிப்பேர் கடையில் இருந்தால் நாள் முழுக்கப் பாடும். நல்லம்பள்ளியில் இருக்கும் அவள் வீட்டுக்கு அது திரும்பி வந்தால், சாயங்கால ஜெபம் முடிந்து போட்டதுமே அணைந்துவிடும். சரியாக நாலு நிமிஷம் கழித்துத் தானே பாடும். பம்புசெட் ஓடுவதால் கரண்டு இறங்குகிறது என்றார் ரிப்பேர்க்காரர் மாது. பம்புசெட் ஓடாத நாளிலும் அணைந்தது.

மூன்றாம் முறை புது வால்வோடு அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். வீட்டார் நாலு பேரும் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லி எழுந்தார்கள்.

“முடிஞ்சுதுங்களா?” என்றார் மாது.

“இல்லீங்க. பத்து மணி உருட்டிச் சொன்னா ஒரு பத்து. அஞ்சு பத்து சொல்லணும், ஆளுக்கு ஒண்ணு. அஞ்சாவது எம் மவன் அல்போன்ஸ் சொல்றது. தொப்பூர் ரோட்டுல லாரியில போனவன், ரெண்டு வருசமாத் தகவலே இல்லீங்க. அவன் பங்கை நாங்க சொல்றதில்ல.”

“சொன்னா எவ்வளவு நேரம் ஆவும்?”

“நாலு நிமிசம் ஆவுங்க.”

மாது புது வால்வை மாட்டி, ரேடியோவைப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. ரேடியோ அணையவில்லை.

“வால்வுதாங்க! சரியாப் போச்சு!”

மதலேனம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. “இன்னைக்கி அவன் பத்தை அவனே சொல்றான்” என்றாள். கொதிக்கிற உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசியைப் போட்டுவிட்டு, தொப்பூர் ரோட்டைப் பார்த்த வாசல் விளக்கைப் போட்டாள்.