நாற்காலியில் உட்கார்ந்த அப்பா

“நோக்கு வெக்கமா இல்லையாடா? எந்த மூஞ்சிய வச்சுண்டு இந்தப் படி ஏறினே?”

கத்தியது பக்கத்து வீட்டு டோரதி. வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் ஆராவமுதன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜோகுபாளையத்தில் எங்கள் குடியிருப்பை வட்டாரா என்பார்கள். ஒரே முற்றம், ஒரே குழாய், சுற்றி ஏழு குடித்தனம். ஒரு வீட்டில் தும்மினால் எல்லா வீட்டிலும் கேட்கும்.

குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது.

“இன்னா மாமா, கேக்குதா? கட்டின புருஷன வார்த்தைக்கு வார்த்த ‘டா’ போடுறா,” என்றாள் என் மனைவி முத்தம்மா. “அதுவும் ஐயரு பாஷையில! மாதா கோயிலுக்குப் போற பொண்ணுக்கு அது எங்கருந்து வந்துச்சு?”

நான் குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தேன்.

“போய்க் கேளு. கொழாத் தண்ணிக்கு மட்டும்தான் பஞ்சாயத்து பண்ணுவியா?”

ஆராவமுதன் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஐம்பத்தொன்பதாம் வருடம் இரண்டு பேருக்கும் ரிஜிஸ்தர் கல்யாணம். அன்றைக்கே மல்லேஸ்வரத்தில் அவன் அப்பா இவர்களை வாசலோடு திட்டி அனுப்பிவிட்டார். அவன் வாயே திறக்கவில்லையாம். டோரதிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாளாம்.

இரண்டு வருடமாக அந்த வாசலை அவன் மிதிக்கவில்லை.

நடுவில் ஒருநாள் சிவாஜிநகர் நடைபாதையில் அட்டை போன இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கினான். வாழ்க்கையில் முன்னுக்கு வருவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகம். அதில் போட்டிருக்கிறபடியே நடப்பான். பார்க்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஒரு பாடம். விடியற்காலையில் குழாயடிக்கு வந்து, “குட் மார்னிங் முனிகிருஷ்ணன் அண்ணா, குட் மார்னிங் முத்தம்மாக்கா” என்பான்.

முதலில் அவன் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அவன் விடவில்லை. இப்போது அவன் வர நேரமானால் முத்தம்மாவே அவன் வீட்டைப் பார்த்து குட் மார்னிங் வைக்கிறாள்.

அப்படிப்பட்ட பையனை இப்படித் திட்டினால் எப்படி?

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன்.

டோரதி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் துண்டை மடித்துப் போட்டு, மூக்கில் அவன் கண்ணாடியை மாட்டியிருந்தாள். எதிரில் ஆராவமுதன் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் டோரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சண்டை இல்லண்ணா. பாடம்.”

புத்தகத்தில் அப்படி ஒரு பாடமாம். யாரைக் கண்டால் உனக்கு நடுக்கமோ, அவர் இடத்தில் ஒருவரை உட்கார வை. அவர் பேசக்கூடிய அத்தனையும் அவர் வாயால் பேசுவது போலவே பேசச் சொல். கால் நடுக்கம் நிற்கிற வரை நின்று பதில் சொல்.

நாளைக் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மல்லேஸ்வரம் போகிறார்கள்.

டோரதி கத்தியதெல்லாம் மாமனார் அன்று வாசலில் சொன்ன சொற்கள். ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

“நான் திட்டினா நடுவுல இவருக்குச் சிரிப்பு வந்துடுது. நீங்க உக்காருங்கண்ணா. உங்களுக்கு இவர் அப்பா வயசுதான் இருக்கும்.”

உட்கார்ந்தேன். துண்டு என் தோளுக்கு வந்தது. அவள் காதோடு சொல்லிக் கொடுக்க, நான் எனக்குத் தெரிந்த தமிழில் கத்தினேன்.

“வெளியே போடா! எனக்குப் புள்ளையே பொறக்கல!”

குழாயடி மொத்தமும் வாசலில் வந்து நின்றது.

ஆராவமுதன் என் கண்ணைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. குரல் நடுங்கவும் இல்லை.

“திட்டுங்கோப்பா, கேட்டுக்கறேன். அன்னிக்கு நான் வாயத் திறக்கல. இன்னிக்குச் சொல்றேன். இவ என் பொண்டாட்டி. இது உங்க பேத்தி. உள்ள வந்தா மூணு பேரும் வருவோம். போனா மூணு பேரும் போவோம்.”

என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் பெற்ற பிள்ளை பேசியது போல இருந்தது. வாசலில் நின்ற முத்தம்மா, “அப்படிச் சொல்லுடா தம்பி!” என்றாள்.

டோரதி அடுத்த திட்டை என் காதில் சொன்னாள். கொஞ்சம் மோசமான திட்டு.

எனக்கு அது வாயில் வரவில்லை. வேறு வந்தது.

“உள்ள வாடா. வெயில்ல நிக்காத. கொழந்தைய இப்படிக் குடு.”

“அண்ணா, அது பாடத்துல இல்ல,” என்றாள் டோரதி.

திட்டுக்குத்தான் ஆராவமுதனிடம் பதில் இருந்தது. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

டோரதி புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அதற்கு ஒரு பாடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி டோரதியின் குரல். இப்போது கத்தவில்லை.

“உள்ள வாடா.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“உள்ள வாடா கொழந்தே.”

திட்டு வாங்க அவன் தயார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்கும் பழகிக்கொள்ளட்டும்.

நாளைக் காலை உங்கள் வாசலில் இப்படி மூன்று பேர் வந்து நின்றால், உங்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை எது? மறைக்காமல் எனக்கு எழுதுங்கள்.