நுபியாவுக்கு மட்டும் விலக்கு

“எனக்கு இனிமே அந்த இங்கிலீஷ் பரீட்சை கிடையாதுடீ. விலக்கு குடுத்துட்டாங்க!”

பேக்கரி வேலை முடிந்து வந்த நுபியா, வாசலில் பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

அடுப்பில் அரேப்பா என்ற சோள ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த யோலிமாவின் கை அப்படியே நின்றது.

“யாருக்கு? உனக்கா?”

“எனக்குத்தான். இங்கிலீஷ்லதான் படிச்சேன்னு நம்ம காலேஜ்லேருந்து ஒரு லெட்டர் வாங்கி அனுப்பினேன். போதும்னுட்டாங்க.”

“நம்ம காலேஜா? அங்க வாத்தியார் திட்டுறதுகூட ஸ்பானிஷ்லதானே!”

“என்னமோ போ, என் அதிர்ஷ்டம்.”

நுபியா ஓர் அரேப்பாவை எடுத்து, சூடு பொறுக்காமல் கை மாற்றிக் கை மாற்றிப் போட்டபடி தன் அறைக்குப் போய்விட்டாள்.

யோலிமாவுக்கு வயிறு எரிந்தது.

கொலம்பியாவில் இருவரும் ஒரே வகுப்பு. இங்கே கனடாவில், சஸ்காட்டூனில் ஒரே வாடகை வீடு. இப்போது விண்ணப்பித்திருப்பதும் ஒரே மண்ணியல் முதுநிலைப் படிப்புக்கு. அந்தப் பேராசிரியர் இந்த வருஷம் ஒருவரைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

நவம்பரில் எழுதிய பரீட்சையில் யோலிமாவுக்குப் பேச்சுப் பிரிவில் ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டது. ஜனவரி முடிவதற்குள் புது மதிப்பெண் போய்ச் சேரவேண்டும். எந்த மையத்திலும் இடமில்லை. அவளுடைய விசாவோ ஏப்ரலோடு சரி. படிப்பு கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நுபியாவுக்கென்ன, பேக்கரி வேலையால் கிடைத்த விசா இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கடைக்கு வருகிறவர் ஏதாவது கூடுதலாகக் கேட்டால், தலையை ஆட்டிவிட்டு முதலாளியம்மாவைக் கூப்பிடுகிறவள். அவளுக்குப் போய் விலக்கு!

மறுநாள் மத்தியானம் நுபியாவே போன் செய்தாள்.

“கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு. பரீட்சைப் பதிவுப் பக்கத்தைத் திற.”

“எதுக்கு?”

“ஜனவரி பத்தாம் தேதிக்கு நான் போட்டு வச்சிருந்தேன்ல? ரத்து பண்றேன். வேற எவளாவது அள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள புடி!”

இடம் கிடைத்தது. யோலிமா நன்றி சொன்னாள். சொன்ன வாய் கசந்தது. தனக்கு வேண்டாததைத் தூக்கிப் போடுகிறாள். அதையும் பொறுக்கிக்கொண்டு, கும்பிடும் போட வேண்டியிருக்கிறது.

அதோடும் விட்டாளா? தினமும் வேலை முடிந்து வந்ததும் சமையலறை மணிக்கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவாள்.

“ம், பேசு. நாப்பத்தஞ்சு வினாடி. திக்காமப் பேசணும்.”

“பரீட்சையே எழுதாத மகாராணி எனக்குப் பரீட்சை வைக்கிறாங்களாக்கும்.”

“மகாராணி கேள்வி கேட்டாச்சு. பதில் சொல்லுடீ.”

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நுபியா போனைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஊரில் அவளுடைய அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள். கேக்கின் மேல் மூன்று மெழுகுவர்த்திகள்.

“அங்க பாரு, யோலிமா அத்தைக்கு முத்தம் குடுக்குறா!”

யோலிமா பரீட்சைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கவலையில்லாதவள், குதிக்கிறாள்.

பத்தாம் தேதி பரீட்சையை நன்றாகவே எழுதினாள். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் மனம் ஆறவில்லை. நான் முட்டி மோதி எழுதி என்ன? இருப்பது ஓர் இடம். நோகாமல் விலக்கு வாங்கியவள் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்?

போனிலேயே ஒரு புது முகவரியை உண்டாக்கி, சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் தட்டினாள். ‘ஸ்பானிஷில் படித்த கொலம்பியப் பெண் ஒருத்திக்கு மண்ணியல் துறையில் எப்படி விலக்கு கொடுத்தீர்கள்? கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதுகிறவர்கள் முட்டாள்களா? விசாரியுங்கள்.’

பிப்ரவரி நடுவில் முடிவு வந்தது. யோலிமாவுக்கு இடம்!

அவள் போட்ட கூச்சலில் நுபியா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்தாள். கட்டிக்கொண்டு சுற்றினாள். சூடான சாக்லேட் கலக்கி, ஊர் வழக்கப்படி அதில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கொண்டுவந்தாள்.

“உனக்கு என்ன பதில் வந்துது?” என்றாள் யோலிமா, கோப்பையைப் பார்த்தபடி.

“எனக்கு இல்லைன்னுட்டாங்க. விடு, நீ குடி, ஆறிடும்.”

மொட்டைக் கடிதம் வேலை செய்துவிட்டது! யோலிமாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கோப்பையோடு தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புது முகவரியைத் திறந்தாள். பதில் காத்திருந்தது.

‘உங்கள் புகாரை விசாரித்தோம். இந்த ஆண்டு மண்ணியல் துறையில் ஆங்கிலத் தேர்விலிருந்து யாருக்கும் விலக்கு அளிக்கப்படவில்லை. விலக்குக் கேட்டு யாரும் எழுதவும் இல்லை.’

மறுபடி படித்தாள். யாரும் எழுதவும் இல்லை. அப்படியானால் அந்தப் பத்தாம் தேதி இடம்...

கதவைத் திறந்து நுபியா தலையை நீட்டினாள்.

“ஏய், அந்தப் பரீட்சைப் புத்தகம் உனக்கு இனிமே வேண்டாம்ல? எனக்குக் குடேன்.”

“உனக்கு... எதுக்கு?”

“எனக்கில்லடீ. என் அண்ணன் பொண்ணுக்கு.”

அந்த அண்ணன் பெண்ணுக்குப் போன மாதம்தான் மூன்று வயது முடிந்திருந்தது.